பிப்ரவரியில் மூன்று நாள் தில்லிப் பயணம்: எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது?

உறையூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் குடும்பத்தோடு தில்லிக்குச் செல்லவிருக்கிறோம். நான், என் மனைவி, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், எழுபதை நெருங்கும் என் பெற்றோர் என மொத்தம் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து விமானத்தில் போய் இறங்குகிறோம். திங்கட்கிழமை இரவு பத்தரை மணி விமானத்தில் திரும்புகிறோம். ஆகவே சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்கள்தாம் கையில் இருக்கின்றன. மகளுக்குச் செவ்வாய்க்கிழமை பள்ளியில் தேர்வு இருப்பதால் ஒரு நாள்கூட நீட்டிக்க இயலாது.

அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார். படி ஏறி இறங்குவதுதான் சிரமம். அப்பாவுக்கு நடையில் குறையில்லை, ஆனால் பசி பொறுக்க மாட்டார்.

நான் வகுத்துள்ள திட்டம் இது. சனிக்கிழமை குதுப் மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், மாலையில் அக்ஷர்தாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆக்ரா. திங்கட்கிழமை செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், நேரம் இருந்தால் காந்தியடிகள் சுடப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி. இதில் மாற்ற வேண்டியவை இருந்தால் தில்லியை அறிந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். தங்குவதற்கு எந்தப் பகுதி ஏற்றது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆர்.கே.புரம் வாசி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் பல்லாண்டுகளாகத் தில்லியில் குடியிருப்பவள். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு வழிகாட்டியே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. உங்கள் திட்டத்தின் திங்கட்கிழமையை முதலில் அப்படியே அழித்துவிடுங்கள். தில்லியில் திங்கட்கிழமை விடுமுறை நாள். செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, நவீன ஓவியக் கூடம், தீன்மூர்த்தி பவன் வளாகத்தில் 2022இல் திறக்கப்பட்ட பிரதமர்கள் அருங்காட்சியகம் ஆகிய எல்லாவற்றுக்கும் அன்றுதான் வார விடுமுறை. தாமரைக் கோயிலும் அக்ஷர்தாமும்கூடத் திங்கட்கிழமை திறப்பதில்லை. நீங்கள் அன்றைக்கு எழுதி வைத்திருப்பவற்றில் ஜாமா மசூதியும் கடைத்தெருவும் மட்டுமே எஞ்சும்.

மாறாக, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சப்தர்ஜங் கல்லறை, லோடி தோட்டம், புராணா கிலா ஆகியவை எல்லா நாளும் திறந்திருப்பவை. அவற்றைப் போய் சனிக்கிழமையில் வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதியை மற்றவர்கள் சொல்லட்டும். நான் பிறகு வருகிறேன்.

சிக்கனப் பயணி எழுதியது:

அம்மையார் சொன்னதை வழிமொழிகிறேன். ஆக்ராவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தாஜ்மஹாலுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை திறந்திருக்கும். எனவே தில்லியின் பாதி மூடிக் கிடக்கும் திங்களன்று ஆக்ரா போய்வருவதுதான் கணக்குப்படி சரி. ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8.10க்குப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ், 188 கிலோமீட்டரை 100 நிமிடங்களில் கடந்து 9.50க்கு ஆக்ரா கண்டோன்மென்ட் சேர்கிறது. மாலை 5.50க்கு அங்கே புறப்பட்டால் இரவு ஏழரைக்கு நிஜாமுதீன். இருக்கைக்கே உணவு வந்துவிடும் என்பதால் உங்கள் தந்தையாரின் பசியைப் பற்றியும் கவலை வேண்டாம்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

கணக்கு சரிதான், ஆனால் அவர்களுக்கு அன்றிரவே பத்தரைக்கு விமானம் என்பதை மறந்துவிட்டீர்கள். ஏழரைக்கு வண்டி வந்து சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால், வட இந்தியக் குளிர்காலத்தில் அது ஒன்றும் அதிசயமல்ல, நிஜாமுதீனிலிருந்து மாலை நெரிசலில் பெட்டிகளோடும் முதியவர்களோடும் விமான நிலையத்துக்கு ஓட வேண்டியிருக்கும். திரும்புவது செவ்வாய்க்கிழமையாக இருந்தால் நானும் ஆக்ராவுக்கே வாக்களிப்பேன். இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது.

சிக்கனப் பயணி எழுதியது:

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையே போகட்டும். பெற்றோர் எழுபதை நெருங்குகிறார்கள். மறுபடி எப்போது வடக்கே வருவார்களோ. தில்லி வரை வந்துவிட்டுத் தாஜ்மஹாலைப் பார்க்காமல் ஊர் திரும்பினால், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போவார்கள்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

ஊரார் கேட்பார்கள் என்பதற்காக ஓர் இடத்தைப் பார்ப்பதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஞாயிறன்று ஆக்ரா போனால், செங்கோட்டையும் அருங்காட்சியகமும் சனிக்கிழமை என்ற ஒரே நாளில் அடைபட வேண்டும். அதாவது இரண்டையும் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். மூன்று நாட்களில் ஒரு நாளை வேறொரு நகருக்குக் கொடுத்துவிட்டு அதைத் தில்லிப் பயணம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாஜ்மஹாலுக்கு முன்னோடியான கட்டடமே ஹுமாயூன் கல்லறைதான். உயர்ந்த மேடை, நடுவில் குவிமாடம், நான்காகப் பகுக்கப்பட்ட தோட்டம் என அந்த அமைப்பு முழுவதும் அங்கே சிவப்புக் கல்லில் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு ஆக்ராவைப் பின்னொரு நாள் பார்க்கும்போது இன்னும் நன்றாகப் புரியும்.

தில்லியை இடங்களின் பட்டியலாகப் பார்ப்பதைவிட, ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்த பல நகரங்களாகப் பார்ப்பதுதான் வசதி. காரணம் எளிது: ஒவ்வொரு நகரும் நிலப்பரப்பில் ஒவ்வொரு திசையில் இருக்கிறது. தெற்கே மெஹ்ரோலியில் சுல்தான்களின் தில்லி. வடக்கே செங்கோட்டையைச் சுற்றி ஷாஜஹான் எழுப்பிய ஷாஜஹானாபாத். இடையில், 1911 தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த பிறகு லட்யென்ஸும் பேக்கரும் திட்டமிட்டு, 1931இல் திறந்து வைக்கப்பட்ட புது தில்லி. ஒரு நாளைக்கு ஒரு நகர் என்று வைத்துக்கொண்டால், அலைச்சல் தானாகக் குறையும். உங்கள் சனிக்கிழமைப் பட்டியலில் குதுப் மினார் தென்கோடியில் இருக்கிறது, அக்ஷர்தாம் யமுனைக்கு அக்கரையில் இருக்கிறது. அம்மாவின் முழங்காலைவிட முதலில் உங்கள் ஓட்டுநரின் பொறுமைதான் தேய்ந்து போகும்.

உறையூரான் எழுதியது:

இவ்வளவு விரைவில் இத்தனை பேர் அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. ஆக்ராவைப் பற்றி வீட்டில் பேசினோம். அப்பாவிடம் தாஜ்மஹாலா செங்கோட்டையா என்று கேட்டபோது, யோசிக்காமல் செங்கோட்டை என்றார். அவருடைய பெரியப்பா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர். அந்தப் படை போய்ச் சேர விரும்பிய கோட்டையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆகவே ஆக்ரா இம்முறை இல்லை என்று முடிவாகிவிட்டது.

கல்வெட்டுப் பித்தன் ஐயா, செங்கோட்டையில் அது தொடர்பாகப் பார்க்கக்கூடியவை எவை என்று சொல்ல முடியுமா?

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். செங்கோட்டைக்குள் வெள்ளையர் கட்டிய படைக் குடியிருப்புகள் சில இருக்கின்றன. 1857க்குப் பிறகு முகலாயர் மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு அவர்கள் எழுப்பிய கட்டடங்கள் அவை. பார்ப்பதற்கு அழகில்லாதவை என்று பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றில் ஒன்றில்தான் 2019இல் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1857 எழுச்சிக்கும் ஜாலியன்வாலா பாகுக்கும் பக்கத்திலேயே தனித்தனிக் கூடங்கள் உண்டு. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் மீது 1945 நவம்பரில் வழக்கு விசாரணை தொடங்கியது இந்தக் கோட்டையில்தான். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் கணிசமானவர்கள் என்பதால், உங்கள் தந்தையாரின் விருப்பம் வெறும் குடும்பப் பாசம் மட்டுமன்று.

அவருக்குச் சொல்வதற்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர், 1857 செப்டம்பரில் ஹுமாயூன் கல்லறையில் தஞ்சம் புகுந்திருந்தபோது பிடிபட்டார். பின்னர் செங்கோட்டையிலேயே விசாரிக்கப்பட்டு ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். 1943இல் நேதாஜி ரங்கூனில் அவருடைய சமாதிக்குச் சென்று வணங்கினார். ‘தில்லி சலோ’ என்ற முழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கோட்டை எப்படி நின்றது என்பதை அந்தக் கூடங்களைப் பார்த்த பின் உங்கள் மகளுக்கு நீங்களே விளக்கலாம். எனவே செங்கோட்டைக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். லாகூர் வாயிலில் நுழைந்து, கடைகள் நிறைந்த சத்தா சௌக்கைக் கடந்து, திவானே ஆம், திவானே காஸ் என்று நேராகப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அருங்காட்சியகங்களைப் பார்ப்பது நல்லது. மயிலாசனத்தைத் தேட வேண்டாம். அதை நாதிர் ஷா 1739இலேயே கொண்டு போய்விட்டான்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

படிகளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் என் மாமியாரோடு சென்றபோது அதுவே எங்களுக்குப் பெரும் பிரச்சினையாக இருந்தது. ஜாமா மசூதிக்கு எந்த வாயில் வழியாகப் போனாலும் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், கைப்பிடியை எதிர்பார்க்காதீர்கள். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஹுமாயூன் கல்லறையில் தோட்டம் முழுவதும் சமதரை, ஆனால் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, உயரமும் அதிகம். அம்மாவைத் தோட்டத்தில் நிழல் பார்த்து அமர வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறி வரலாம். கீழிருந்தே கட்டடம் முழுமையாகத் தெரியும் என்பதால் அவருக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. குதுப் மினார் வளாகம் பெரும்பாலும் சமதரை. கோபுரத்துக்குள் ஏற 1981இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் அனுமதிப்பதில்லை என்பதால், 379 படிகளைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

அக்ஷர்தாம் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசி, கேமரா, பை எதையும் உள்ளே கொண்டு போக முடியாது. ஒப்படைக்கும் வரிசையும் சோதனை வரிசையும் வார இறுதியில் மிக நீளமாக இருக்கும். முதியவர்களோடு மாலையில் போய் அந்த வரிசைகளில் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் விருப்பம் இருந்தால், தமிழர்களுக்கு வேறு நல்ல இடம் இருக்கிறது. அதை ஆர்.கே.புரம் அம்மாவே சொல்லட்டும்.

ஆர்.கே.புரம் வாசி எழுதியது:

மலை மந்திரைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு சிறு குன்றின் மேல் சுவாமிநாத சுவாமிக்குக் கட்டப்பட்ட கற்கோயில். 1973இல் குடமுழுக்கு நடந்தது. ‘யாமிருக்க பயமேன்’ என்ற எழுத்துகள் தூரத்திலிருந்தே தெரியும். முருகன் சந்நிதிக்குப் படியேற வேண்டும் என்றாலும், கீழே சுந்தரேசுவரருக்கும் மீனாட்சிக்கும் கோயில்கள் இருப்பதால் உங்கள் அம்மா அங்கே வழிபடலாம். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில் திறப்பார்கள். இது விமான நிலையத்துக்குப் போகும் திசையிலேயே இருப்பதால், திங்கட்கிழமையின் கடைசி நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் செக்டரிலேயே தில்லித் தமிழ்ச் சங்கமும் திருவள்ளுவர் சிலையும் இருக்கின்றன. சங்கம் 1946இல் தொடங்கப்பட்டது.

தங்கும் இடத்தைக் கேட்டிருந்தீர்கள். பஹார்கஞ்ச் மலிவு, ஆனால் சந்துகளில் சத்தமும் நெரிசலும் அதிகம்; தனியாக வரும் இளைஞர்களுக்குச் சரி, உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டி அமைதியானது, ஆனால் கட்டணமும் அதிகம், ஊருக்குத் தள்ளியும் இருக்கிறது. கரோல் பாகில் நடுத்தரக் கட்டணத்தில் ஏராளமான விடுதிகள் உண்டு. ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்திருந்த பகுதி என்பதால் நம் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. மெட்ரோவின் நீல வழித்தடத்தில் சில நிலையங்கள் தாண்டினால் கன்னாட் பிளேஸில் உள்ள ராஜீவ் சௌக். முன்பதிவு செய்யுமுன், விடுதியில் மின்தூக்கி இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படங்களைப் பார்த்து நம்பாதீர்கள்.

உறையூரான் எழுதியது:

ஐந்து பேருக்கு மெட்ரோ வசதியா, அல்லது நாள் முழுவதற்கும் வாடகை வண்டி அமர்த்துவதா? இணையத்தில் பார்த்தால் இரு தரப்பாரும் உறுதியாகச் சண்டையிடுகிறார்கள்.

சிக்கனப் பயணி எழுதியது:

நான் மெட்ரோக் கட்சி. 2002இல் ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை தொடங்கிய அந்தச் சேவை இன்று நீங்கள் பார்க்க விரும்பும் பெரும்பாலான இடங்களுக்கு அருகில் போகிறது. பழைய தில்லிக்கு வண்டி எடுத்துப் போவது பணத்தைக் கொடுத்து நெரிசலை வாங்குவதாகும். 2017இல் திறந்த நீட்சியில் தில்லி கேட், ஜாமா மசூதி, லால் கிலா என்று அடுத்தடுத்து நிலையங்கள் இருக்கின்றன. தரைக்கு மேலே வந்தால் எதிரே கோட்டை. மின்தூக்கி எல்லா நிலையத்திலும் உண்டு. ராஜீவ் சௌக்கில் மட்டும் காலை, மாலை அலுவலக நேரத்தில் வண்டி மாறாதீர்கள். சனி, ஞாயிறுகளில் அந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி பெண்களுக்கானது என்பதால், அம்மாவும் உங்கள் மனைவியும் மகளும் அதில் ஏறிக்கொண்டால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

திங்கட்கிழமைக்கு மட்டும் வாடகை வண்டி அமர்த்துங்கள். அன்றுதான் தெற்கே சிதறிக் கிடக்கும் இடங்களுக்குப் பெட்டிகளோடு போக வேண்டியிருக்கும்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

இதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மெட்ரோ நிலையத்துக்குள் நடக்க வேண்டிய தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வழித்தடம் மாறும் இடங்களில் அது கோயில் பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குச் சமமாக இருக்கும். அம்மாவுக்காக இரண்டு வழித்தடம் மாறும் பயணங்களைத் தவிர்த்துவிட்டு, ஒருமுறை மட்டும் மாறிவிட்டு மீதித் தூரத்துக்கு ஆட்டோ அல்லது பேட்டரி ரிக்ஷா பிடியுங்கள்.

உறையூரான் எழுதியது:

நீங்கள் அனைவரும் சொன்னவற்றைச் சேர்த்துத் திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை புது தில்லி: காலையில் தேசிய அருங்காட்சியகம், மதியம் குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டம், பிறகு காந்தி ஸ்மிருதி, மாலையில் இந்தியா கேட். ஞாயிற்றுக்கிழமை பழைய தில்லி: செங்கோட்டை, சாந்தினி சௌக், முடிந்தால் ஜாமா மசூதி. திங்கட்கிழமை தெற்கு: ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார், மலை மந்திர், அங்கிருந்து விமான நிலையம். தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் மூன்றையும் விட்டுவிட்டேன். மகளுக்கு ரயில் அருங்காட்சியகம் போனதில் சற்று வருத்தம்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

இப்போதுதான் இது ஒரு பயணத் திட்டமாகத் தெரிகிறது. சில குறிப்புகள் சொல்கிறேன்.

முகலாயத் தோட்டம் என்று அழைக்கப்பட்டு 2023 முதல் அம்ரித் உத்யான் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தத் தோட்டம், பொதுவாக பிப்ரவரியிலும் மார்ச்சிலும் திறக்கப்படும். இணையத்தில் நாளையும் நேரத்தையும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. தேதி அறிவித்தவுடன் செய்துவிடுங்கள், சனிக்கிழமை இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். மாளிகையின் 340 அறைகளையும் பார்க்கலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே செல்வதற்கான சுற்றுலா தனி, அதற்கான பதிவும் தனி. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. மக்களவைத் தலைவர் இருக்கைக்கு அருகில் 2023 மே மாதம் வைக்கப்பட்ட செங்கோலைப் பார்க்க வேண்டுமென்றால், கூட்டம் நடக்கும் நாளில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையோடு பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு பெற வேண்டும்.

தேசிய அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முயல வேண்டாம். ஹரப்பாக் கூடத்தையும் வெண்கலச் சிலைகளையும் பார்த்தால் போதும். மொகஞ்சதாரோவின் நடன மங்கை வெறும் 10.5 சென்டிமீட்டர் உயரம். பாடநூலில் பக்கம் நிறையப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று, இதுதானா என்று கேட்பார்கள். சோழர் கால நடராசரையும் அங்கே காணலாம். திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு அது புதிதல்ல என்று தோன்றும். ஆனால் நம் கோயில்களில் பட்டும் மாலையும் மறைத்திருக்கும் உருவத்தை முழுதாக, பின்புறம் உட்படப் பார்க்கும் வாய்ப்பு அருங்காட்சியகங்களில்தான் கிடைக்கிறது.

திங்கட்கிழமை குதுப் வளாகத்தில் எல்லோரும் இரும்புத் தூணைச் சுற்றியே நிற்பார்கள். இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது என்று கருதப்படும், 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து அழியாத தூண் என்பதால் அந்தக் கூட்டம் நியாயமானதே. நீங்கள் சற்றுத் தள்ளி, தெற்கு ஓரத்தில் இருக்கும் அலாய் தர்வாசா என்ற வாயிலையும் பாருங்கள். அலாவுதீன் கில்ஜி கட்டியது, 1311இல் முடிந்தது. அவனுடைய தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்து வந்து யானைகளோடும் பொன்னோடும் தில்லி திரும்பியதும் அதே 1311இல்தான். அந்தப் பொன்தான் இந்த வாயிலாயிற்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் காவிரிக்கரையிலிருந்து போகிற ஒருவர் அதன் முன் நிற்கும்போது அந்த ஆண்டு நினைவில் இருப்பது நல்லது. உங்கள் அம்மா ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாரைச் சேவித்திருப்பார். அரங்கனைத் தேடித் தில்லியிலிருந்து வந்த சுல்தானின் மகள் என்று சொல்லப்படும் அந்தக் கதையும், நாச்சியாருக்கு இன்றும் ரொட்டி படைக்கும் வழக்கமும் அம்மாவுக்குத் தெரிந்தவை. அது வரலாறல்ல, மரபுக் கதை. என்றாலும், வழிகாட்டிகள் சொல்லும் பல கதைகளைவிட அதுவே இந்த ஊரை அவருக்கு நெருக்கமாக்கும்.

உறையூரான் எழுதியது:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இதுவரை, நீங்கள் போய் வாருங்கள், நான் விடுதியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், குதுப் மினாருக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஆர்.கே.புரம் வாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகளுக்கு அன்று விடுமுறை. கோட்டையிலிருந்து பதேபுரி வரையிலான முதன்மைச் சாலையில் 2021 முதல் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், ஞாயிறன்று அங்கே நடப்பது எளிது. அம்மாவுக்கு சைக்கிள் ரிக்ஷா கிடைக்கும். ஆனால் உங்கள் மனைவி புடவையோ ஜரிகையோ வாங்கும் எண்ணத்தில் இருந்தால் ஏமாற்றம்தான். கடை வேண்டுமென்றால் சனிக்கிழமை பழைய தில்லி, ஞாயிறு புது தில்லி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரு நாளும் அருங்காட்சியகமும் தோட்டமும் திறந்திருக்கும். இதை வீட்டு அம்மாவிடம் கேட்காமல் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

சாப்பாடு: பராட்டே வாலி கலியில் ஆளுக்கொரு பராட்டா சாப்பிட்டுப் பாருங்கள், நெய்யில் பொரித்தெடுப்பதால் அதற்கு மேல் வேண்டாம். பாலின் நுரையைத் திரட்டிச் செய்யும் தௌலத் கி சாட் என்ற இனிப்பு குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும்; பிப்ரவரியில் வெயில் ஏறுமுன் தெருவோரத் தட்டுகளில் தேடுங்கள். புது தில்லியில் இருக்கும் நாளில் மதிய உணவுக்கு அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் உணவகம். சோறு, சாம்பார், பருப்புப்பொடி என்று கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அதுதான் சரியான இடம். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.

காலையில் குளிர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும், மதியம் வெயில் இதமாக இருக்கும். கம்பளிச் சட்டை எல்லோருக்கும், பெற்றோருக்குக் கூடவே காதை மூடும் குல்லாய்.

உறையூரான் எழுதியது:

மனைவியிடம் கேட்டேன். சனிக்கிழமைதான் பழைய தில்லி என்று ஒரே சொல்லில் தீர்ப்பாகிவிட்டது. அப்பாவுக்கும் முதல் நாளே கோட்டை என்பதில் மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை புது தில்லி, திங்கட்கிழமை தெற்கு.

இன்னும் இரண்டு ஐயங்கள். திங்கட்கிழமை காலையில் அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை என்ன செய்வது? வாடகை வண்டியிலேயே நாள் முழுவதும் வைத்திருப்பது பாதுகாப்பானதா? ஞாயிற்றுக்கிழமை ரயில் அருங்காட்சியகத்தை எப்படியாவது நுழைக்க முடியுமா?

சிக்கனப் பயணி எழுதியது:

முதலில் உங்கள் திரும்பும் பயணச் சீட்டில் எந்த முனையம் என்று பாருங்கள். ஒன்றாம் முனையம் தனியாக இருக்கிறது. இரண்டும் மூன்றும் அருகருகே இருப்பவை. விமான நிலைய விரைவு மெட்ரோ மூன்றாம் முனையத்துக்குப் போகும்; ஒன்றாம் முனையத்துக்கு மெஜந்தா வழித்தடம். புது தில்லி மெட்ரோ நிலையத்திலேயே சில விமான நிறுவனங்கள் பெட்டிகளை முன்கூட்டிப் பெற்றுக்கொள்கின்றன. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்கு முன் வாங்குவார்கள் என்று விசாரியுங்கள். இல்லையென்றால், செயலி வழியாக அவ்வப்போது பிடிக்கும் வண்டியில் பெட்டியை விட்டுவிட்டு இறங்காதீர்கள்; விடுதியின் மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ நாள் முழுவதற்கும் அமர்த்தும் ஓட்டுநரிடம் பூட்டிய டிக்கியில் வைக்கலாம். பணமும் மருந்தும் பயணச் சீட்டும் கையிலேயே இருக்கட்டும்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

ரயில் அருங்காட்சியகம் சாணக்யபுரியில் இருக்கிறது; குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து வண்டியில் சிறிது தூரம்தான். ஞாயிறு காலையில் தோட்டத்துக்கு முதல் நேரத்தைப் பதிவு செய்துகொண்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களும் மகளும் மட்டும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மற்ற மூவரும் தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும். எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்து மணிக்கெல்லாம் இந்தியா கேட்டில் சந்தித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் தேசியப் போர் நினைவிடத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம். காந்தி ஸ்மிருதிக்கு அன்று நேரம் போதாது. அது மட்டும் அடுத்த முறைக்கு.

உறையூரான் எழுதியது:

அப்படியே செய்கிறோம். தோட்டத்துக்கான முன்பதிவு இன்னும் திறக்கவில்லை; கரோல் பாகில் மின்தூக்கி உள்ள விடுதி ஒன்றில் தரைத்தளத்துக்கு அடுத்த மாடியில் இரண்டு அறைகளுக்குப் பேசி வைத்திருக்கிறேன்.